கொடிக்கம்பம் போனது, கரன்ட் கம்பம் மாட்டிக்கொண்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து, வயர்மேன், லைன்மேன் என்று ஒவ்வொரு படியாக ஏறி, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். மொத்தம் 34 வருஷ சர்வீஸ், எல்லாம் மதுரைப் பக்கம்தான். எந்தப் பிரிவு அலுவலகம் என்று எழுதவில்லை. இப்போது அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு என்னால் ஒரு தொந்தரவு வரக் கூடாது.

சென்ற வாரம் உங்கள் நாளிதழில் ஒரு படம் போட்டிருந்தீர்கள். சாலை நடுவே தெருவிளக்குக் கம்பங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு கொடி. கீழே ‘வாகன ஓட்டிகள் அவதி’ என்று வழக்கமான வரி. படத்தைப் பார்த்தவர்கள் எந்தக் கட்சி என்று பார்த்திருப்பார்கள். எனக்குக் கண் போனது கட்டின்மேல். கொடிக்குச்சியை எதை வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கட்டுக்கம்பி. கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர்கள் பயன்படுத்துவார்களே, அதே கம்பி. இரண்டு சுற்று சுற்றி முறுக்கிவிட்டு, மிச்சத்தை வெட்டாமல் அப்படியே தொங்க விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எழுத வேண்டும் என்று உட்கார்ந்து, இன்றைக்குத்தான் முடிந்தது.

2025 ஜனவரி 27ஆம் தேதி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி இளந்திரையன் ஒரு தீர்ப்புச் சொன்னார். பொது இடம், நெடுஞ்சாலை, அரசு நிலம் எதிலும் கட்சிகள், சாதி, மத அமைப்புகள், சங்கங்கள் வைத்திருக்கும் நிரந்தரக் கொடிக்கம்பங்களை 12 வாரத்துக்குள் எடுக்க வேண்டும். வேண்டுமானால் சொந்தப் பட்டா இடத்தில் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளலாம். மார்ச் மாதம் இரண்டு நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. இடையில் பெரிய அமர்வு, மறுபடி மனு என்றெல்லாம் நடந்தது, அது வக்கீல்கள் சமாச்சாரம்.

எங்கள் தெரு முனையில் மூன்று கொடிமேடை இருந்தது. ஒன்றில் கிரானைட் ஒட்டி, தலைவர் பெயரைச் செதுக்கி, சில்வர் குழாய் போட்டிருந்தார்கள். ஒரு நாள் காலையில் ஜேசிபி வந்தது. இரண்டு மேடை போனது. மூன்றாவதை அவர்களே குழாயை மட்டும் அறுத்துக்கொண்டு போனார்கள், மேடை அப்படியே கிடக்கிறது. இப்போது பால்காரர் அதன்மேல் கேனை வைத்து ஊற்றுகிறார். நல்லதுதான், இடுப்பு உயரம், அவருக்கும் குனிய வேண்டாம்.

கொடி போனதா என்றால் போகவில்லை. ஒரு வாரம் தெரு வெறிச்சென்று இருந்தது. அடுத்த வாரம் ஒரு கட்சித் தலைவருக்குப் பிறந்தநாள் வந்தது. விடிந்து பார்த்தால் எங்கள் தெருவில் ஆறு மின்கம்பத்திலும் கொடி. இரண்டு நாள் கழித்து இன்னொரு கட்சி, அதே கம்பங்களில் முதல் கொடிக்கு மேலே. மேலே கட்டினால்தானே கௌரவம்? மூன்றாவது கட்சி அதற்கும் மேலே போயிற்று. அப்புறம் கம்பிதான் மிச்சம். தீர்ப்பில் கொடிக்கம்பம் என்றுதானே இருக்கிறது, இது கரன்ட் கம்பமாச்சே என்று ஒரு தம்பி என்னிடமே விளக்கம் சொன்னான். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன்.

வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்கிறேன். தெருவில் நிற்கிற கம்பம் மின்வாரியத்தினுடையது. அதில் எரிகிற தெருவிளக்கு மாநகராட்சியினுடையதோ பேரூராட்சியினுடையதோ. அதே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு போகிற ஒயர் கேபிள் டி.வி.காரருடையது, அல்லது இன்டர்நெட் கம்பெனியுடையது. கம்பம் நிற்கிற மண் நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். விளக்கு எரியவில்லை என்றால் எங்களுக்கு போன் வரும், நாங்கள் மாநகராட்சியைச் சொல்வோம். கம்பம் சாய்ந்தால் மாநகராட்சி எங்களைச் சொல்லும். இத்தனை பேருக்குச் சொந்தமான கம்பத்தில் ஒருவன் கொடி கட்டினால், அவிழ்க்க வேண்டியது யார்? இந்தக் கேள்வியை நான் மூன்று ஏ.இ.க்களிடம், அதாவது உதவிப் பொறியாளர்களிடம், கேட்டிருக்கிறேன். மூன்று பேரும் நல்லவர்கள். ஒருவரிடமும் பதில் இல்லை.

மழைக்காலம் வந்தால் வாரியத்திலிருந்து நோட்டீஸ் போடுவோம். கம்பத்தில், அது சாயாமல் இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பியில் மாடு கட்டாதீர்கள், துணி காயப்போடாதீர்கள், அறுந்து கிடக்கிற கம்பியைத் தொடாதீர்கள் என்று. மாட்டைக் கட்டினவரை நாங்கள் தைரியமாகத் திட்டுவோம். “ஏய்யா, மாடு செத்தா யாரு பதில் சொல்றது?” என்று தெருவே கேட்கிற மாதிரி சத்தம் போடுவோம். கொடி கட்டினவரைப் பார்த்தால் அந்தச் சத்தம் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். என் தொண்டையிலும் நின்றிருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் ஒரு ஐப்பசி மாதம், இரவு பத்தரை இருக்கும். நல்ல மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. இட்லிக் கடை போட்டிருந்த ஒரு அம்மாவிடமிருந்து போன். “தம்பி, கம்பத்துல கை வச்சா சுர்ருங்குது.” நானும் ஒரு ஹெல்பர்ப் பையனும் போனோம். டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், லைட் எரிந்தது. டிரான்ஸ்பார்மருக்குப் போய் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வந்து ஏறினேன்.

மேலே ஒரு கட்சிக் கொடி. குச்சி இல்லை, முக்கால் இஞ்ச் இரும்புக் குழாய், பத்தடி நீளம். கீழே ஒரு கட்டு, மேலே ஒரு கட்டு போட்டிருக்கிறார்கள். மேல் கட்டு நெகிழ்ந்து, காற்றில் குழாய் சாய்ந்து, நுனி போய் கரன்ட் ஓடுகிற ஃபேஸ் கம்பியில் உட்கார்ந்துவிட்டது. ஈரத் துணி கம்பியைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. கீழ்க் கட்டில் மிச்சக் கட்டுக்கம்பியை வெட்டாமல் விட்டதால் அது கம்பத்தோடு வழிந்து, ஒரு ஆள் கை எட்டுகிற உயரம்வரை இறங்கியிருந்தது. நான் சொன்னேனே, படத்தில் பார்த்தேன் என்று, அதே மாதிரி. அந்த அம்மா கடைத் தார்ப்பாயின் கயிற்றை அந்தக் கம்பத்தில்தான் கட்டியிருந்தார். கயிற்றை அவிழ்க்கப் போனபோது கை கம்பியில் பட்டிருக்கிறது. சிமென்ட் படியில் செருப்போடு நின்றதால் சுர்ரென்று போயிற்று. வெறுங்காலோடு தண்ணீரில் நின்றிருந்தால் போன் வந்திருக்காது.

கட்டிங் பிளேயரால் இரண்டு கட்டையும் அறுத்தேன். குழாயைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். கொடியைத் தரையில் போடவில்லை. எந்தக் கட்சியாக இருந்தாலும் ஒருவர் கும்பிடுகிற கொடி, அது எனக்குத் தெரியும். சுருட்டி, குழாயோடு பக்கத்து டீக்கடையில் வைத்துவிட்டு, “வந்தா குடுத்துருங்கண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மறுநாள் காலை பிரிவு அலுவலகத்தில் பதினைந்து பேர். வட்டச் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “கொடியை அறுத்தது யாரு?” என்பதுதான் முதல் கேள்வி. நான்தான் என்றேன். விவரம் சொன்னேன். இட்லிக் கடை அம்மாவைச் சொன்னேன். அவர் ஒன்றும் கெட்ட மனுஷன் இல்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பின்னால் பதினான்கு பேர் நிற்கிறார்கள், அவரும் என்ன செய்வார்? “அதெல்லாம் சரிப்பா, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்றார். ராத்திரி பதினோரு மணிக்கு, கரன்ட் பாய்ந்த கம்பத்தில் நின்றுகொண்டு.

ஏ.இ. சின்ன வயசு. என்னைத் தனியே கூப்பிட்டார். “அண்ணே, நீங்க செஞ்சது சரிதான். ஆனா எழுத்துல நம்ம கையில என்ன இருக்கு? இன்னிக்கே கட்டிக் குடுத்துருங்க.”

கட்டினேன். வாரியத்தின் ஏணியில், வாரியச் சம்பளம் வாங்குகிற கையால், வாரியக் கம்பத்தில். குழாய் வேண்டாம், மூங்கில் தருகிறேன் என்று நானே ஒரு மூங்கில் வாங்கிவந்து, நைலான் கயிற்றால், நான்கடி இறக்கிக் கட்டினேன். “இன்னும் கொஞ்சம் மேல ஏத்திக் கட்டுப்பா” என்று கீழேயிருந்து சத்தம். “இதுக்கு மேல போனா கரன்ட் பிடிக்கும்ணே” என்றேன். நான் கட்டுவதை ஒரு பையன் செல்போனில் படம் எடுத்தான். அந்தப் படம் எங்கேயாவது இருக்கும்.

ஏ.இ. சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கடிதம். எழுத்தில் நம் கையில் என்ன இருக்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. பொது இடத்தை அலங்கோலம் ஆக்கக் கூடாது என்று 1959இலேயே சட்டம் போட்டாயிற்று. டிஜிட்டல் பேனர் வைக்க 2011இல் தனி விதி வந்தது. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், போலீஸ் தடையில்லாச் சான்று வேண்டும், ஆறு நாளுக்கு மேல் கிடையாது. அனுமதி எண், எந்தத் தேதிவரை, யார் அச்சடித்தது என்ற விவரம் பேனரின் அடியிலேயே இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில் முன்னால் கூடாது. அருமையான விதி. எங்கள் பக்கத்தில் பேனர் அடியில் நான் அனுமதி எண்ணைப் பார்த்ததே இல்லை. தம்பிமார்கள் படம்தான் இருக்கும், தபால்தலை அளவில், வரிசையாக முப்பது முகம்.

2018 டிசம்பரில் உயர் நீதிமன்றம் டிஜிட்டல் பேனருக்கே இடைக்காலத் தடை போட்டது. தடை இருக்கும்போதுதான் 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்திருந்த கல்யாண பேனர் ஸ்கூட்டரில் வந்த பெண்மேல் விழுந்து, அவர் தடுமாறி, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. 23 வயது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் கோவை அவினாசி சாலையில் விழா வளைவால் ஒரு இன்ஜினியர் போனார். அதே அவினாசி சாலையில் 2019 நவம்பரில் ஒரு கொடிக்கம்பத்தால் விபத்தில் சிக்கிய பெண்ணுக்குக் காலை எடுக்க வேண்டியதாயிற்று. பள்ளிக்கரணைக்குப் பிறகு பல கட்சிகள் தொண்டர்களுக்கு பேனர் வைக்காதீர்கள் என்று அறிக்கை விட்டன. கொஞ்ச நாள் மதுரையில்கூட வானம் தெரிந்தது. பிறகு காதுகுத்து பேனர் மெல்ல வந்தது, அதன்பின் எல்லாம் வந்தது.

சாலையில் போகிறவர்கள் செத்தால் செய்தி பெரிதாக வருகிறது, வர வேண்டியதுதான். ஆனால் அதைக் கட்டப் போய்ச் சாகிறவர்கள் பற்றி இவ்வளவு பேச்சு இல்லை. 2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்கு வரவேற்புக் கொடிக்கம்பம் நடும்போது கம்பம் மின்கம்பியில் பட்டு ஒரு சிறுவன் இறந்தான். பள்ளிக்கூடம் போகிற வயசு. 2023 ஜூன் 1ஆம் தேதி கோவை கருமத்தம்பட்டியில் விளம்பரப் பலகையின் இரும்புச் சட்டம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் அங்கேயே போனார்கள்.

விழுப்புரத்துச் செய்தியைப் படித்தபோது எனக்கு உடனே குழாய்க் கடை ஞாபகம் வந்தது. கடையில் விற்கிற முழு நீளக் குழாய் 20 அடி. சாலையோரமாகப் போகிற சாதாரண லைன் தரையிலிருந்து குறைந்தது 5.5 மீட்டர் இருக்க வேண்டும், சாலையைக் குறுக்கே கடந்தால் 5.8 மீட்டர். அடிக் கணக்கில் 18, 19. கணக்கு புரிகிறதா? கடையில் வாங்கின குழாயை வெட்டாமல் நிமிர்த்தினாலே, குழி தோண்டி இறக்குவதற்கு முன்னால், அது கம்பியைத் தொடும். நான்கு பேர் அடியைப் பிடித்துக்கொண்டு தலையை அண்ணாந்து பார்த்தபடி நிமிர்த்துவார்கள், ராத்திரி இருட்டில். கொடி விறைப்பாக நிற்கிறதா என்றுதான் பார்ப்பார்களே தவிர, கருப்பு வானத்தில் கருப்புக் கம்பி தெரியாது.

கொடி கட்டுகிற பையன்களை நான் குறை சொல்லமாட்டேன். பாதிப் பேர் கட்சிக்காரனே இல்லை. ஆட்டோவில் ஏணியைப் போட்டுக்கொண்டு, கம்பத்துக்கு இவ்வளவு என்று கூலிக்கு வருகிறவர்கள். ஒரே ராத்திரியில் எதிரெதிர்க் கட்சி இரண்டுக்கும் கட்டுகிறவனை எனக்குத் தெரியும். “அண்ணே, நீங்க ஏறுற கம்பம்தானே, நான் ஏறுனா மட்டும் ஷாக் அடிக்குமா?” என்று கேட்டான். நான் ஏறும்போது ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஏறுகிறேன்டா என்றேன். அது அவனுக்குப் புதுச் செய்தி.

துணிக் கொடியாவது பரவாயில்லை. இப்போது ஜிகினாத் தோரணம் வந்திருக்கிறது, பளபளவென்று. தெருவுக்குக் குறுக்கே கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டுகிறார்கள். அது வெறும் பிளாஸ்டிக் இல்லை, மேலே உலோகப் பூச்சு. அறுந்து இரண்டு ஃபேஸுக்கு நடுவே விழுந்தால் வாணவேடிக்கைதான். ஒரு திருவிழாவில் அப்படி விழுந்து பொறி தெறித்ததைக் கீழே இருந்த கூட்டம் விளக்கு அலங்காரம் என்று நினைத்துக் கை தட்டியது. நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் எழுதுகிற நான் யோக்கியனா என்றால், முழுசாக இல்லை. என் பேத்திக்குக் காதுகுத்து. தாய்மாமன் யார்? என் மகன். அவன் கூட்டாளிகள் சும்மா இருப்பார்களா? ‘தாய்மாமன் சீர்’ என்று பத்துக்கு எட்டு ஃபிளெக்ஸ். வீட்டுக்கு எதிரே உள்ள கம்பத்துக்கும் ஸ்டே கம்பிக்கும் நடுவில் பாய்மரம் மாதிரி கட்டிவிட்டார்கள். மூலையில் என் படம், வாரிய யூனிஃபார்மோடு! கழற்றுடா என்றேன். “அப்பா, சம்பந்தி வீட்டு ஆளுக எல்லாம் வந்து பாத்துட்டாக, இப்பக் கழத்துனா என்ன நினைப்பாக?” என்றான். நான்கு நாள் அது நின்றது. நான் செய்ததெல்லாம், ராத்திரி யாரும் பார்க்காதபோது போய் ஸ்டே கம்பியில் போட்டிருந்த கட்டை மட்டும் அவிழ்த்து, பக்கத்து வேப்பமரத்தில் மாற்றிக் கட்டியதுதான். வெளியாள் கம்பத்தில் கண்டால் திட்டுகிற வாய் சொந்த மகனிடம் திறக்கவில்லை. அந்த ஃபிளெக்ஸ் இப்போது எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் வெயில் மறைப்பு. என் படம் உள்பக்கம் பார்த்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை எடுக்கவே முடியாது, அரசியல்வாதிகளை எதிர்த்து யார் என்ன செய்ய முடியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், முடியும். இரண்டே நாளில் முடியும்.

2021 பிப்ரவரி 26, வெள்ளிக்கிழமை சாயங்காலம் சட்டமன்றத் தேர்தல் தேதியை அறிவித்தார்கள். அறிவித்த நிமிஷத்திலிருந்து நடத்தை விதி. தேர்தல் ஆணையத்தின் கணக்கு இது: அரசுக் கட்டடங்களில் உள்ள விளம்பரம் 24 மணி நேரத்தில் போக வேண்டும், பஸ் நிலையம், பாலம், மின்கம்பம் மாதிரிப் பொது இடங்களில் 48 மணி நேரத்தில், தனியார் இடத்தில் அனுமதியில்லாமல் இருப்பது 72 மணி நேரத்தில். மறுநாள் காலை ஆறு மணிக்கே மாநகராட்சி லாரி வந்துவிட்டது. துப்புரவுப் பணியாளர்கள் இரண்டு பேர், நம் ஏணி, நம் ஹெல்பர் ஒருவர், வீடியோ எடுக்க ஒரு பையன். கம்பம் கம்பமாக வந்தார்கள். முன்பு நான் கட்டிக் கொடுத்தேனே, அதே கம்பத்துக்கும் வந்தார்கள். அதில் அப்போது மூன்று கொடி. மூன்றையும் அறுத்து லாரியில் போட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள். வட்டச் செயலாளர் எதிரே டீக்கடையில்தான் இருந்தார். “அந்தச் சந்துக்குள்ள ஒண்ணு இருக்குப்பா, அதையும் எடுத்துருங்க, கேஸ் போட்டுறப் போறாங்க” என்று அவரே கையைக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் கம்பம் மட்டும்தான் நின்றது. பிரிவு அலுவலகத்துக்கு ஒருவர்கூட வரவில்லை.

அதே ஆட்கள், அதே ஏணி, அதே கட்டிங் பிளேயர், அதே கட்சிக்காரர்கள். என்ன வித்தியாசம்? லாரியில் வந்த சூப்பர்வைசரின் சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது. மடித்து வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை, அவரும் எடுத்துக் காட்டவில்லை. ஆனால் இருந்தது. அது தனக்கு வந்த உத்தரவு என்று அவருக்கும் தெரியும், எதிரே டீ குடிக்கிறவருக்கும் தெரியும். அறுத்தவன்மேல் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை என்று ஆகிவிட்டது.

மற்ற நாளில் அந்தத் தாள் எங்கள் ஆட்களிடம் இல்லை. பிளேயரைக் கொடுத்திருக்கிறார்கள், தாளைக் கொடுக்கவில்லை. சென்னையில் டிராபிக் ராமசாமி ஐயா தனியாளாக நடுத்தெருவில் பேனரைக் கிழிப்பார், நீதிமன்றத்துக்கும் போவார். அடியும் வாங்கினார். 2021 மே மாதம் அவரும் போய்ச் சேர்ந்தார். அவர் செய்ததை ஒரு ஹெல்பர்ப் பையனைச் செய்யச் சொல்ல முடியாது. அவனுக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள், நாளைக்கும் அதே தெருவில் ரீடிங் தகராறுக்கும் ஃபியூஸ் போடவும் போக வேண்டும்.

அதனால் நான் கேட்பது புதுச் சட்டம் இல்லை. அபராதத்தைக் கூட்டுங்கள், சிறையைக் கூட்டுங்கள் என்றும் கேட்கவில்லை. ஒரு பக்கத் தாள் போதும். மின்கம்பம், ஸ்டே கம்பி, டிரான்ஸ்பார்மர், தெருவிளக்குக் கம்பம் இவற்றில் கொடி, குழாய், பேனர், தோரணம் எது கட்டியிருந்தாலும், பணியில் இருக்கிற ஊழியர் யாரையும் கேட்காமல் அகற்றலாம், அகற்ற வேண்டும் என்று எழுதி, மாவட்ட ஆட்சியர், வாரியத்தின் மேற்பார்வைப் பொறியாளர், மாநகராட்சி ஆணையர் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று பேரும் என்பது முக்கியம். ஒருவர் போட்டால், கம்பம் உங்களது, விளக்கு எங்களது என்று பழைய கதை ஆரம்பிக்கும். அகற்றினதைப் படம் எடுத்து, பிரிவு அலுவலகத்தில் ஒரு வாரம் வைத்திருந்து, வந்து கேட்டால் கூலிச் செலவை வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாம். கொடியைக் குப்பையில் போட்டான் என்ற பேச்சு வராது. ஆட்சேபணை இருந்தால் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். அது பிரிவு அலுவலகமாக இருக்கக் கூடாது. பதினைந்து பேர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார மாட்டார்கள்.

கொடியே கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் சங்கத்தில் இருந்தவன்தான், மே தினத்துக்குக் கொடி ஏற்றியவன்தான். கூட்டம், ஊர்வலம் என்றால் தற்காலிகமாக வைத்துக்கொள்ள அந்தத் தீர்ப்பிலேயே வாடகை வாங்கிக்கொண்டு அனுமதிக்கலாம் என்று வழி இருக்கிறது. மூங்கிலை மணல் நிரப்பின தகர டின்னில் நட்டு வைக்கட்டும். பந்தல்காரர்கள் எல்லோரிடமும் அந்த டின் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அப்படியே தூக்கி வண்டியில் ஏற்றலாம், ரோட்டிலும் குழி விழாது.

தேசியக் கொடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 ஆகஸ்டில் வீடுதோறும் கொடி ஏற்றச் சொன்னபோது, நிறையப் பேர் வீட்டு வாசலில் உள்ள கம்பத்திலும் கட்டினார்கள். ஆசையாகத்தான் கட்டினார்கள். அவிழ்க்கத்தான் மறந்துவிட்டார்கள். தீபாவளி வரும்போது காவி வெளுத்து, பச்சை வெளுத்து, ஓரம் நார் நாராகப் பறந்துகொண்டிருந்தது. கிழிந்த கொடியைப் பறக்கவிடக் கூடாது என்று கொடி விதியில் இருக்கிறது. எங்கள் தெருவில் நான்கு கம்பத்திலிருந்து இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதே விதியில், சிதைந்த கொடியைத் தனியிடத்தில் மரியாதையாக எரித்துவிடுவது நல்லது என்றும் இருக்கிறது. மொட்டை மாடியில் ஒரு மண்சட்டியில் வைத்து எரித்தேன். பாலியஸ்டர் துணி. எரியவில்லை, உருகியது. என் மனைவி பார்த்துவிட்டு, “யாராவது பாத்தா உங்களைத்தான் பிடிச்சுட்டுப் போவாங்க” என்றாள். அதற்கும் என்னிடம் தாள் கிடையாது.

இப்போது எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள கம்பத்தில், பேத்தி ஃபிளெக்ஸ் கட்டின அதே கம்பம், இரண்டு கொடி இருக்கிறது. கீழ்க் கொடி மூங்கில். மேல் கொடி இரும்புக் குழாய், மேல் கட்டு நெகிழ ஆரம்பித்துவிட்டது. காற்றடிக்கும்போது குழாய் கம்பத்தில் இடித்து டொக் டொக்கென்று சத்தம் வருகிறது. ராத்திரி படுத்தால் காதில் விழுகிறது. எனக்கு இனிமேல் கம்பம் ஏற உரிமை இல்லை, முழங்காலும் விடாது. பிரிவு அலுவலகத்துக்கு போன் செய்தேன். போனை எடுத்தவன் நான் வேலை சொல்லிக் கொடுத்த பையன். “அண்ணே, பாக்குறேன்ணே” என்றான். அந்தக் குரலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், நானும் அதே குரலில் நிறையப் பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கம்பத்தின் எண்ணையும் தெருப் பெயரையும் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அச்சில் போட வேண்டாம். உங்கள் நிருபர் யாராவது ஆட்சியர் அலுவலகம் பக்கம் போனால் கொடுக்கச் சொல்லுங்கள். மழைக்கு முன்னால் போனால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லைன் இன்ஸ்பெக்டர்,
மதுரை மாவட்டம்.

(பெயரும் முகவரியும் அதே தனித் தாளில் இருக்கின்றன.)